தொடாமல் வைத்துவிட்டு வந்த அவல் தட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேலே படத்தில் இருப்பது என் நோட்டுப் பக்கம். எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் கிடக்கும். ஓரிடத்தில் 'ஞ' போட்டபோது தாளே கிழிந்துவிட்டது. எனக்கு வயது அறுபத்தொன்பது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு பதினோரு மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனாலும் எழுதும்போது எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இது என் பேரன் முத்து தன் பைக் பயணங்களை எழுதிவரும் பக்கம். இந்த மாதம் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். படிப்பவர்கள் பாவம் என்று நோட்டைப் படம் எடுத்ததோடு தட்டச்சும் செய்து போடுகிறான். பிழையைத் திருத்து, சொல்லை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் போனது சங்கரன்கோவிலுக்கு. ஆவணி பிறந்து முதல் புதன்கிழமை. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம் என்பதால் அதுவரை பொறுத்திருந்தோம். ஆம், கல்யாணப் பேச்சுக்குத்தான் போனோம். முத்துவுக்குப் பெண் கேட்க.

முத்து சங்கரன்கோவிலில் விசைத்தறிகளைப் பழுது பார்க்கிறான். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அஸ்வினியை அவனுக்குப் பிடித்துப்போனது, அவளுக்கும் அவனை. அஸ்வினியின் அப்பா மாருதி, பழைய தங்கத்தை உருக்கித் தரம் பார்த்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் மகாராஷ்டிரத்தில் சாங்லி பக்கம். சங்கரன்கோவிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. டவுனில் எல்லோரும் அவரைச் சேட்டு என்பார்கள். நாங்களும் 'சேட்டு வீட்டுக்குப் போகிறோம்' என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

அந்த வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர் மாருதியின் அண்ணன் விட்டல். தம்பியை வளர்த்துத் தொழிலுக்கு அனுப்பியவர் அவர். சாங்லி பக்கத்தில் கரும்பு விவசாயம். எங்களைப் பார்ப்பதற்காகவே ரயில் ஏறி வந்திருந்தார், வியாழக்கிழமை காலை திரும்புகிறார். "பெரியப்பா வேண்டாம்னு சொல்லிட்டா நான் மீற மாட்டேன்" என்று அஸ்வினி முத்துவிடம் முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு புதன்கிழமைதான்.

முத்துவின் அப்பா, அதாவது என் மகன், லாரி ஓட்டுகிறான். அன்று அவன் ஒடிசா பக்கம் இருந்தான். ஆகவே நான், என் மருமகள் பேச்சியம்மாள், என் மனைவியின் தம்பி வேலுச்சாமி என்று மூன்று பேர் கிளம்பினோம். நல்ல காரியத்துக்கு எங்கள் பக்கம் இரண்டு பேராகப் போக மாட்டோம். முதல் பேச்சுக்கு மாப்பிள்ளையும் வருவதில்லை. முத்து தறிக் கூடத்திலேயே போனைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் ஊர் இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து சங்கரன்கோவில் இருபத்தாறு கிலோமீட்டர். காலை 7.10க்கு ஒரு பேருந்து, அதை விட்டால் 9.25. ஆண்களுக்குச் சீட்டு இருபத்திரண்டு ரூபாய். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைசி இருக்கையில் உட்காராதீர்கள், மேற்கே போகும் வண்டி, எட்டு மணிக்கே வெயில் முதுகில் அடிக்கும். மழை இன்னும் விழாததால் வழியெல்லாம் கரிசல் நிலம் வெடித்துக் கிடந்தது. உழுது போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு நாளும் நான் பேருந்தை நிறத்தை வைத்தும், ஓட்டுநர் முகத்தை வைத்தும்தான் கண்டுபிடிப்பேன். யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் எழுத்துத் தெரியாதது தெரிந்துவிடும் அல்லவா? அப்படி ஒருமுறை கழுகுமலைக்குப் போக வேண்டியவன் திருவேங்கடத்தில் போய் இறங்கியிருக்கிறேன். அன்று பேருந்தின் நெற்றியில் இருந்ததை நானே படித்தேன். ச-ங்-க-ர-ன்.

"அத்தான், நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள வண்டி போயே சேந்திரும். ஏறும் வே!" என்று வேலுச்சாமி பின்னாலிருந்து தள்ளினான்.

நடத்துநர் சிரித்தார். "விடுங்கண்ணாச்சி, அவியளாவது வாசிக்காவ. எங்க டிரைவர் போர்டை மாத்தாமலே வண்டியை எடுத்திருதாரு" என்றார்.

8.15க்குப் போய்ச் சேர்ந்தோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டோம். வேலுச்சாமி ஆறு இட்லி, இரண்டு வடை. மூன்று பேருக்கும் 150 ரூபாய் ஆயிற்று. ஏன் இப்படி நிரப்பிக்கொண்டோம் என்றால், பெண் வீட்டில் சாப்பிடப் போவதில்லை. எங்கள் பக்கம் அது ஒரு வழக்கம். பேச்சு முடிந்து இரண்டு வீட்டாரும் சம்மதம் என்று சொல்லும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பாடு மட்டும் இல்லை, காபி, தண்ணீர்கூடக் கிடையாது. ஒரு வீட்டில் உண்டுவிட்டு, பிறகு அந்த வீட்டுப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய அவமானம்! அந்த வீட்டின் மேல் வைத்த மரியாதைக்காகத்தான் உண்ணாமல் இருப்பது. டவுனில் பஜ்ஜியும் கேசரியும் தின்றுகொண்டே பெண் பார்க்கிறார்களாம். கரிசல் காட்டு ஊர்களில் நாங்கள் இன்னும் மாறவில்லை.

பிறகு கோயிலுக்குப் போனோம். பத்து நிமிட நடை. ஆட்டோவில் போனால் ஐம்பது ரூபாய் கேட்கிறார்கள், தேவையில்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போவது நல்லது. பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டு, பேச்சி புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். வெளியே வந்து நாலு முழம் மல்லிகையும், இரண்டு சீப்பு வாழைப்பழமும், ஒரு தேங்காயும் வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டோம். பூ முழம் முப்பது ரூபாய், முகூர்த்த நாளென்றால் இரட்டிப்பாகும். பேச்சு முடிந்தால்தான் அந்தப் பையைத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மாருதியின் வீடு நகைக்கடைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. கடையில் ஒரு சின்ன உலை. ஒருவர் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். அமில நெடி மூக்கில் ஏறியது. 10.20க்குப் படியேறினோம்.

"வாங்க அண்ணாச்சி, வாங்கம்மா. படி செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க" என்றார் மாருதி. நல்ல திருநெல்வேலித் தமிழ். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பழகியது.

"இருக்கட்டும் சேட்டு" என்றேன் நான்.

உள்ளே விட்டல் எழுந்து நின்று கும்பிட்டார். வெள்ளைக் குல்லாய், வெள்ளை வேட்டி, வாயை மறைக்கும் மீசை. என் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்தபோது பார்த்தேன், அவர் உள்ளங்கையும் என்னுடையதைப் போலவே காய்த்துப்போயிருந்தது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் மழையைப் பற்றிக் கேட்டதை மாருதி அவருக்குச் சொல்ல, அவர் கையை மேலே காட்டி உதட்டைப் பிதுக்கினார். அங்கேயும் மழை இல்லை என்று புரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதலில் ஒரு தட்டில் வெல்லக்கட்டியும், செம்பில் தண்ணீரும் வந்தன. நாங்கள் தொடவில்லை. "இருக்கட்டும், பொறவு" என்றான் வேலுச்சாமி. விட்டல் தம்பியைப் பார்த்தார். பிறகு அஸ்வினி வந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு கொடுத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தட்டில் மஞ்சளாக அவல் தாளித்து, மேலே தேங்காய்ப் பூவும் கொத்தமல்லியும் தூவி, ஓரத்தில் ஒரு கீற்று எலுமிச்சை. வாசனை ஆளைத் தூக்கியது. நான் தட்டை வாங்கி, ஒரு நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டு, மரியாதையாகக் கீழே வைத்தேன். பேச்சியும் வைத்தாள். வேலுச்சாமி தட்டை ஒரு முழம் தள்ளியே வைத்தான்.

விட்டல் என் தட்டை இரண்டு கையாலும் எடுத்து மறுபடி என்னிடம் நீட்டினார். நான் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினேன். இன்னும் இரண்டு தடவை நீட்டினார். அப்போதும் வேண்டாம் என்றேன்.

அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அஸ்வினியின் அம்மா உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அஸ்வினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விட்டல் தன் தட்டையும் தொடாமல் கீழே வைத்துவிட்டு எழுந்து, தெருவைப் பார்த்த ஜன்னலண்டை போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மாருதியும் எழுந்தார். "மாப்பிள்ளையும் வரலை... சரி அண்ணாச்சி. அண்ணன் நாளைக்கு ஊருக்குப் போறாங்க. பொறவு சொல்லி அனுப்புங்க."

பேச்சு ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் முடிந்துவிட்டது. பையைத் திறக்காமலே படி இறங்கினோம்.

"பாத்தியளா அத்தான், பொண்ணு கேக்குறதுக்கு முன்னாலயே வெளிய அனுப்பிட்டாங்க" என்றான் வேலுச்சாமி தெருவில். "தங்கத்துல பொழங்குதவன் வீட்டுக்குப் புழுதிக்காலோட போனா இப்பிடித்தான்."

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். "என் சேலை நல்லா இல்லையோ மாமா?" என்று பாதி வழியில் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. முத்து அதற்குள் நாலு முறை போன் செய்துவிட்டான். யாரும் எடுக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு வரும்போது 11.15. எங்கள் ஊர்ப் பேருந்து 12.20க்கு. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மதுரை, ராஜபாளையம், கரிவலம்வந்தநல்லூர் என்று வந்துபோன வண்டிகளின் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். மனம் அதில் ஒட்டவில்லை. விட்டல் தன் தட்டையும் தொடாமல் வைத்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மைப் பிடிக்கவில்லை என்றால் அவர் பாட்டுக்குத் தின்றிருக்கலாமே? வந்தவர் சாப்பிடவில்லை என்று தானும் சாப்பிடாமல் வைப்பவன், வந்தவரை மட்டமாக நினைப்பவனாக இருக்க மாட்டான். மூன்று முறை தட்டை நீட்டினாரே, மட்டமாக நினைப்பவன் ஏன் மூன்று முறை நீட்டுகிறான்? அவர் முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை. நானும் அப்படி ஒருமுறை என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனவர்களை வழியனுப்பிவிட்டு நின்றிருக்கிறேன்.

அறுபத்தெட்டு வருடம் பலகையைப் படிக்கவும் தெரியாமல், யாரையும் கேட்காமல், ஊகித்தே தப்பான ஊரில் இறங்கினவன் நான். இன்றைக்கும் அதையேதான் செய்திருக்கிறேனோ என்று தோன்றியது.

"திரும்பிப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

வேலுச்சாமி அலறினான். "எங்கன? அங்கனயா? பேச்சு முடியாம ஒரே நாளுல ரெண்டு மட்டம் பொண்ணு வீட்டுப் படி ஏறினவன் நம்ம ஊருல உண்டா? கெஞ்ச வந்திருக்காம்பாங்க."

"கெஞ்சலை மாப்ள. கேக்கப் போறேன்."

"என்னத்த?"

"ஏன் தின்னலைன்னு. அவரை."

"நாமளும்தான் தின்னலை. அவரு வந்து கேட்டாரா?"

"அதான் ஒருத்தரும் கேக்கலியே" என்றேன்.

பேச்சி பையை எடுத்துக்கொண்டாள். "நானும் வாரேன் மாமா." இருவரும் நடந்தோம். ஐம்பதடி போயிருப்போம், பின்னால் செருப்புச் சத்தம். வேலுச்சாமி மூச்சு வாங்க ஓடி வந்தான். "ரெண்டு பேராப் போவாதீங்க. வெளங்காது. நான் சும்மா கூட நிக்கேன், பேச மாட்டேன்."

கதவைத் திறந்தது அஸ்வினி. சேலையை மாற்றிச் சுடிதாரில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன தாத்தா, எதையும் வச்சிட்டுப் போயிட்டியளா?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை பேசுவது போலவே இருந்தது. "ஆமாம்மா, ஒரு கேள்வியை வச்சிட்டுப் போயிட்டேன். உங்க பெரியப்பா ஏன் தன் தட்டையும் தொடாம வச்சிட்டாரு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க தொடலியே தாத்தா. எங்க ஆளுகள்ல பொண்ணு பாக்கப் போறதையே போஹே தின்னப் போறோம்னுதான் சொல்லுவாங்க. போஹேன்னா அந்த அவல்தான். பொண்ணு கொண்டு வந்த தட்டுல ஒரு வாய் எடுத்து வச்சாத்தான் பேச்சே தொடங்கும். தொடாம எந்திரிச்சுட்டா..." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணைப் புடிக்கலை, பேச ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். மாப்பிள்ளையும் கூட வரணும். நீங்க அதுவும் கூட்டிட்டு வரலை."

பேச்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் தங்கமே! புடிக்காமலா? புடிச்சுப் போயித்தான் தின்னாம இருந்தோம்!"

பிறகு பேச்சியே எங்கள் வழக்கத்தைச் சொன்னாள். சம்மதம் ஆகாமல் கை நனைக்க மாட்டோம் என்றும், உங்கள் வீட்டு மானத்துக்காகத்தான் அது என்றும். அஸ்வினி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு உள்ளே திரும்பி அவர்கள் மொழியில் சத்தமாக என்னவோ சொன்னாள். நாற்காலி நகரும் ஓசை கேட்டது. மாருதியும் விட்டலும் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

அஸ்வினி சொல்லச் சொல்ல விட்டலின் மீசை மெல்ல அசைந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாருதிதான் முதலில் பேசினார்.

"இருவத்திரெண்டு வருசமா இந்த ஊருல இருக்கேன் அண்ணாச்சி. டவுன்ல எல்லாரும் பஜ்ஜி தின்னுதானே பொண்ணு பாக்காங்க, உங்க வழக்கமும் அதுதான்னு நெனச்சேன். நீங்க தொடலைன்னதும் மனசு விட்டுப்போச்சு. நானாவது கேட்டிருக்கணும்." என் கையைப் பிடித்தார். "ஒண்ணு சொல்லட்டா? நான் சேட்டு இல்ல. சேட்டுங்க வேற ஊரு, வேற ஆளுக. நாங்க விவசாயக் குடும்பம். இத்தனை வருசத்துல நீ யாரு, எந்த ஊருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "மன்னிச்சிருங்க தம்பி" என்றேன். அதற்குப் பிறகு நான் அவரை வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

எல்லோரும் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தோம். விட்டல் என் எதிரே முழங்கால் படும்படி நெருங்கி உட்கார்ந்து, மெதுவாக நீளமாகப் பேசினார். மாருதி சொன்னார்: "அண்ணன் ஒண்ணு கேக்காங்க. எங்க பிள்ளை இந்த ஊருலயே வளந்தவதான். ஆனா வீட்டுக்குள்ள எங்க பழக்கம்தான். நாளைக்கு உங்க வீட்டுல இதே மாதிரி ஏதாவது வித்தியாசமா செஞ்சிருவா. ஊரு சிரிக்கும். அப்ப, இது ஏன்மா இப்பிடின்னு அவகிட்ட யாரு கேப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி சொன்னாள்: "நான் கேப்பேன். இன்னைக்கு ஒரு மட்டம் கேக்காமப் படி எறங்கிட்டேன். இனி அப்பிடிப் போக மாட்டேன்னு சொல்லுங்க."

மாருதி சொன்னதும் விட்டல் வெல்லத் தட்டிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நான் வேலுச்சாமியைப் பார்த்தேன். பேச மாட்டேன் என்றவன் பேசிவிட்டான். "சம்மதம்னு வாயால சொல்லட்டும் அத்தான். பொறவு தின்னலாம்."

"நீங்க ஒரு வாய் தின்னுட்டா அண்ணன் சொல்லிருவாங்க" என்றார் மாருதி.

"சொன்னாத்தானே தின்ன முடியும்?"

"தின்னாத்தானே சொல்ல முடியும்?"

வெல்லம் என் கையில் பிசுபிசுக்க ஆரம்பித்தது. அஸ்வினிக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஒண்ணாச் செய்யுங்களேன். நான் எண்ணுதேன். மூணு சொன்னதும் பெரியப்பா சொல்லட்டும், தாத்தா வாயில போடட்டும்." அவர்கள் மொழியிலும் அதைச் சொன்னாள். விட்டல் குல்லாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் நிமிர்ந்தேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

"ஹோய்!" என்றார் விட்டல். ஆமாம் என்று அர்த்தமாம். வெல்லம் என் நாக்கில் கரைந்தது.

அப்புறம் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கை வலிக்கிறது. அஸ்வினியின் அம்மா புதிதாக அவல் தாளித்தார். வேர்க்கடலை கடிபட, எலுமிச்சை பிழிந்து, நம் அவல் உப்புமாவைவிட ஈரமாக, மெத்தென்று இருந்தது. ஆறு இட்லிக்கு மேல் வேலுச்சாமி இரண்டு தட்டுத் தின்றான். பேச்சி பையைத் திறந்து மல்லிகையை எடுத்தவள் கையை நிறுத்தி, "பூ வைக்கலாமா? உங்களுக்கு வேற வழக்கம் எதுவும் இருக்கா?" என்று கேட்டாள். வைக்கலாம் என்றார்கள். பூ வைத்தபின் அஸ்வினியின் அம்மா பேச்சியின் முந்தானையை விரிக்கச் சொல்லி அதில் அரிசியும் தேங்காயும் போட்டார். "இது நம்ம மடி நிரப்புறதுதானே!" என்று பேச்சிக்கு ஒரே ஆச்சரியம். முத்துவுக்குப் போன் செய்து, "ஏலே, வாலே" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது நிமிடத்தில் கை முழுக்கக் கிரீஸோடு வந்து நின்றான். ஒரு தட்டு அவலை அவன் தின்ற வேகத்தைப் பார்த்து விட்டல் தொடையில் தட்டிச் சிரித்தார். வியாழக்கிழமை ரயிலை விட்டுவிட்டு மறுவாரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

மாலை 4.10 பேருந்தில் திரும்பினோம், 5.15க்கு ஊர். சங்கரன்கோவில் போகிறவர்களுக்கு நான் சொல்வது: காலை வண்டியைப் பிடியுங்கள், கோயிலை முதலில் பாருங்கள், பூவைக் கடைசியில் வாங்குங்கள், வெயிலில் வாடாது. மதியம் பிரியாணிக் கடைகளில் கூட்டம் சொல்லி மாளாது, பன்னிரண்டரைக்கு முன்பே போய்விடுங்கள். நாங்கள் அதைச் சாப்பிடவில்லை, வயிற்றில் இடம் இல்லை. வேறு ஊர், வேறு பழக்கம் உள்ளவர்கள் வீட்டுக்குப் போவதாக இருந்தால், போவதற்கு முன் ஒரு போன் செய்து, எங்கள் வீட்டில் இப்படி, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டுவிடுங்கள். மொழி தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மாருதி என்னைவிட நன்றாகவே தமிழ் பேசுகிறார். அப்படியும் ஒரு மணி நேரம் நாங்கள் ஒருவரை ஒருவர் அழவைத்துக்கொண்டோம். கேட்கத் தவறிவிட்டால் திரும்பிப் போங்கள். ஒரே நாளில் இரண்டு முறை படியேறினால் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு முழங்கால் வலி மட்டும்தான் வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் எல்லோரும் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். சம்பந்தம் பேசி முடித்தவர்கள் வந்தால் கிடா வெட்டுவது எங்கள் வழக்கம். வேலுச்சாமி கிடாவைப் பார்த்தே வைத்துவிட்டான். கிளம்பும்போதுதான் விட்டல் கழுத்தில் துளசி மணி இருந்ததைக் கவனித்தேன். கேட்டேன். கறி தொட மாட்டாராம்.

"கிடா வெட்டாம என்ன சம்பந்தம் வே? ஊரு நம்மளைக் காறித் துப்பும்" என்று வேலுச்சாமி பேருந்தில் வழி முழுக்கப் புலம்பினான். கத்தரிக்காய்க் குழம்பு என்று பேச்சி முடிவு செய்துவிட்டாள்.

நேற்று அஸ்வினி போன் செய்தாள். "தாத்தா, பெரியப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. உங்க வீட்டுக்கு வந்ததும் தண்ணி குடுத்தா உடனே வாங்கிக் குடிக்கலாமா, இல்ல அதுக்கு முன்னால எதுவும் பேசி முடிக்கணுமா?"

பின்னால் அவர் குரல் கேட்டது. பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"உடனே குடிக்கச் சொல்லும்மா" என்றேன். "குடிக்காம வச்சாத்தான் உங்க அத்தை அழுவா."

அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததையும், கத்தரிக்காய்க் குழம்பை வேலுச்சாமி எந்த முகத்தோடு தின்றான் என்பதையும் அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன். புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.